அப்பா நலமாக இருக்கிறார், இங்கிலீஷில்

1

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரி கோமதி, மகள் பகவதி, கடைக் கணக்கப்பிள்ளை வேலாயுதம் அண்ணாச்சி, கோட்டைக்குள்ளிருந்து வந்த சாஸ்திரிகள், சுவரில் மாலை போட்ட படமாக என் அப்பா. பாதியில் வந்து சேர்ந்தவர், புகையிலை லைசென்ஸ் கொடுக்கும் சர்க்கார் கச்சேரியின் இன்ஸ்பெக்டர் மாதவன் பிள்ளை.

திருவிதாங்கூர் சர்க்காரைக் கேட்டால் இந்தப் பட்டியலில் ஒரு திருத்தம் சொல்லும். அப்பா படமாக இல்லை, ஆளாகவே இருந்தார், நல்ல தேக ஆரோக்கியத்துடன் இருந்தார் என்று சொல்லும். அதற்கு எழுத்து மூலமான ஆதாரமும் அதன் கையில் இருந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

அன்றைக்கு அப்பாவின் திதி.

இன்றைக்கும் அதே திதி. காலையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து, சாப்பிட்டுக் கை கழுவி, கடைக்குப் போகுமுன் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிற கடுதாசிகளில் எல்லோரும், “உமக்கென்ன, திருவனந்தபுரத்தில் மழையும் குளிருமாய்ச் சுகவாசம்” என்று எழுதுகிறீர்கள். சுகவாசம்தான். அந்தச் சுகத்தில் ஒரு துளி உங்களுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

வெளிநாடு என்றால் கப்பலேற வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை ஆரல்வாய்மொழி சுங்கச் சவுக்கையைத் தாண்டிப் பார்க்கலாம். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ராஜா மாறுவார். மடியிலிருக்கும் காசு செல்லாமல் போகும். சக்கரம், பணம் என்கிற திருவிதாங்கூர் நாணயங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். சித்திரையில் பிறந்த வருஷம் மறுபடியும் ஆவணியில் பிறக்கும். ஒரே ஆண்டில் இரண்டு வருஷப் பிறப்பு பார்க்கிற பாக்கியம் சீமைக்குப் போனவனுக்குக் கூடக் கிடைக்காது. இதற்கெல்லாம் மேலே, சவுக்கைச் சேவகன் நம் மூட்டைக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பான். என் மூட்டையில் அப்போது அவல் மட்டும் இருந்தது. அதற்கே எனக்கு நடுங்கியது.

நான் அப்படி முதலில் வந்தபோது நாலாம் வகுப்பில் பாதி முடித்திருந்தேன். மீதிப் பாதி அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. யாருக்காவது தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். அப்பா திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் புகையிலைக் கடை வைத்திருந்தார். சிப்பங்களை எண்ண ஓர் ஆள் வேண்டும், சொந்த ஆளாக இருந்தால் சம்பளம் வேண்டாம் என்று என்னை வரவழைத்துக்கொண்டார்.

நான் சுபாவத்திலேயே பயந்தவன். மழை பெய்தால் சிப்பம் நனையுமே என்று பயம். பெய்யாவிட்டால் இலை காய்ந்து எடை குறையுமே என்று பயம். தபால்காரர் வந்தால் ஊரில் யாருக்கு என்னவோ என்று நெஞ்சு அடிக்கும். வராவிட்டால், எதையோ மறைக்கிறார்கள் என்று அடிக்கும். இப்படிப்பட்ட ஒருவன் எப்படிச் சர்க்காரிடம் இத்தனை பெரிய காரியம் செய்தான் என்று நீங்கள் கேட்கலாம். பயத்தில்தான் செய்தேன். தைரியசாலியாக இருந்திருந்தால் முதல் வருஷமே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

அதற்கு முன்னால் விலாசம் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்து வியாபாரிகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடையை ஆரம்பித்தவருடைய பெயரின் முதல் எழுத்துகள் சேர்ந்து கடைக்குப் பெயராகும். அதுதான் விலாசம். எங்களுடையது மு.சு. முத்தையா பிள்ளை மகன் சுடலைமுத்துப் பிள்ளை, அதாவது என் அப்பா. சிப்பத்தின் மேல் தார் தொட்டு எழுதுவது மு.சு. கணக்கில் பற்று வரவு மு.சு. கல்லாவில் யார் உட்கார்ந்தாலும் அவன் போடுகிற கையெழுத்தும் மு.சு.தான். அதைக் கள்ளக் கையெழுத்து என்று எங்கள் தெருவில் ஒருவனும் சொல்லமாட்டான். வேறு மாதிரிப் போட்டால்தான் சந்தேகப்படுவான்.

அப்பா அம்பாசமுத்திரத்துக்குப் போன இடத்தில் போய்ச் சேர்ந்தார். பதினாறையும் அங்கேயே கழித்துவிட்டு வந்து நான் கல்லாவில் உட்கார்ந்தேன். வேலாயுதம் அண்ணாச்சி புதுக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருப்பவர்.

“யாரு பேருல தொடங்க, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி தம்பி? மு.சு. பேருலதான். விலாசத்தை மாத்தினா கடையோட ராசி மாறிரும். பெரியவுக இருக்காகன்னே இருக்கட்டும்.”

அன்று முதல் எங்கள் கடையில் அப்பா இருந்தார் என்று யாரும் சொன்னதில்லை. மு.சு. சரக்கு எடுத்திருக்கார். மு.சு. ஆரியசாலைக்காரருக்குப் பணம் கொடுக்கணும். மு.சு. கடன் கொடுக்கமாட்டார். உயிரோடு இருந்தபோது பேசியதைவிட அப்பா இப்போது அதிகம் பேசினார். சாலையில் பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்து பாருங்கள். பாதித் தெரு காலமானவர்களுடையது. எல்லோரும் நன்றாக வியாபாரம் செய்கிறார்கள்.

3

ஆனால் புகையிலைக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கொடுக்கிற கச்சேரிக்கு விலாசம் என்றால் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆள். சுடலைமுத்துப் பிள்ளை என்ற ஆளுக்கு லைசென்ஸ். ஆள் இறந்தால் லைசென்ஸும் உடன்கட்டை ஏறிவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் புதிதாக மனுப் போடலாம். போடுவதற்கு எதிர்வரிசைப் புகையிலைக் கடைக்காரர் பல் தேய்க்கும்போதுகூடத் தயாராக இருந்தார். லைசென்ஸ் போனால் கடை போகும். கடை போனால் நானும் என் நாலாம் வகுப்பும் மறுபடியும் ஆரல்வாய்மொழி வழியாகத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே வருஷாவருஷம், மலையாள ஆண்டு முடியுமுன், லைசென்ஸைப் புதுப்பிக்க இங்கிலீஷில் ஒரு பெட்டிஷன். அதை எழுதிக் கொடுப்பவர் நீலகண்டையர். கச்சேரிக்கு எதிரே மரத்தடியில் மேசைப்பெட்டியும் மைக்கூடுமாக உட்கார்ந்திருப்பார். முதல் வருஷம் நான் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “சாமி, அப்பா இருக்கார்னு எழுதினீயளா, இல்லைன்னு எழுதினீயளா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் எழுதியிருக்கேன் ஓய். இருக்கார், இருந்தார், இருப்பார், எல்லாம் போட்டாச்சு. சர்க்காருக்கு எது சௌகரியமோ அதை எடுத்துக்கட்டும்.”

அந்தப் பெட்டிஷனை வாங்கிப் பார்த்த குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று மேலே சொன்னால் இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஆகிவிடும். எனவே சரி என்று எழுதி மேலே அனுப்பினார். மேலே இருந்தவருக்கும் அதே சங்கடம். லைசென்ஸ் வந்துவிட்டது. இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு ராஜ்ஜியம் எப்படி அமைதியாக நடக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

4

பகவதி இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், புத்தகத்தில் இங்கிலீஷ், தூக்கத்தில் உளறுவதும் மலையாளம். தமிழ் அவளுக்குச் சண்டை போடுவதற்கு மட்டும். அது அவள் அம்மா கொடுத்த சீதனம். ஊருக்குக் கூட்டிப் போனால் அத்தை பிள்ளைகள் அவள் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இங்கே வந்தால் தோழிகள், தமிழ்ச்சீமைக்காரி என்ற பொருளில், ‘பாண்டிக்காரி’ என்று சிரிப்பார்கள். ஆக மொத்தத்தில் போகிற இடமெல்லாம் சந்தோஷம் கொடுக்கிற பிள்ளை.

இன்ஸ்பெக்டர் வந்த அந்த வருஷம் ஆடியில் நான் பெட்டிஷனுக்காகப் போனபோது நீலகண்டையர் மேசைப்பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“புதுசா ஒரு சூப்பிரண்டு வந்திருக்கார்” என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். “வாசிக்கிறார் ஓய்.”

வாந்திபேதி வந்திருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார். பழைய பெட்டிஷன் நகல் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நகலைத்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பகவதியிடம் கொடுத்தேன். அவள் பென்சிலை எடுத்து அடிக்கோடு போட ஆரம்பித்தாள். போட்டுக்கொண்டே போனாள். காகிதம் உழுத வயல் மாதிரி ஆனது.

“அப்பா, இதுல தாத்தா கடை நடத்துதாரு. அப்புறம் மரிச்சுப் போறாரு. அடுத்த பக்கத்துல எழுந்து வந்து பணம் கட்டப் போறாரு. அதுக்கப்புறம் மறுபடியும் மரிக்காரு.”

அடுக்களையிலிருந்து கோமதி, “ஏட்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுதே?” என்றாள்.

“நான் பேசலம்மா, பெட்டிஷன்ல இருக்கு. ஒரு காலத்துல தொடங்கினா அதே காலத்துல முடிக்கணும்னு எங்க டீச்சர் சொல்லும். ஆள் மாறலாம், இடம் மாறலாம், காலம் மாறப்படாது. சொல்லுங்கப்பா, தாத்தா உண்டா, இல்லையா?”

நல்ல விதிதான். ஆனால் ஊர் விட்டு ஊர் வராதவர்கள் உண்டாக்கிய விதி. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் முன்பாதி அம்பாசமுத்திரத்தில் நடந்தது, பின்பாதி சாலையில் நடக்கிறது. இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பிப் போகப் போகிறோம் என்று ஒரு வால் வேறு. முப்பது வருஷமாக அந்த வால் ஆடிக்கொண்டிருக்கிறது. இதை எந்தக் காலத்தில் வைத்து எழுதுவாள் அந்த டீச்சர்? இங்கிலீஷ்காரர்களிடம் பன்னிரண்டு காலம் இருக்கிறது என்று பகவதி சொன்னாள். பெரிய சாம்ராஜ்யம், வைத்திருக்கட்டும். அதில் ஒன்றுகூட எங்களுக்குப் பொருந்தவில்லை.

“இருக்கார்னு எழுது” என்றேன்.

“பொய்யா?”

“பொய் இல்லட்டி. விலாசம்.”

“அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல இல்லப்பா.”

“அது அவங்க குறை. நீ எழுது.”

எழுதினாள். எழுதி முடித்து ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழில் சொன்னாள். சுடலைமுத்துப் பிள்ளை காலையில் கடை திறக்கிறார். சர்க்காருக்குச் சேர வேண்டியதைத் தவறாமல் செலுத்துகிறார். சட்டத்தை மதிக்கிறார். முடிவில் ஒரு வரி குறைகிற மாதிரி இருக்கிறது என்று அவளே சேர்த்தது: தேக ஆரோக்கியத்துடன் இருக்கிறார்.

கேட்கக் கேட்க, நேரமாகிவிட்டதே, அப்பா இன்னும் கடையிலிருந்து சாப்பிட வரவில்லையே என்று எனக்கே இருந்தது.

பெட்டிஷன் போயிற்று. சூப்பிரண்டு வாசித்தார். இத்தனை வருஷமும் புரியாததால் கையெழுத்துப் போட்டார்கள். இந்த வருஷம் புரிந்துவிட்டது. இவ்வளவு வயதில் இவ்வளவு ஒழுங்காக வியாபாரம் செய்கிற ஒரு பெரியவரை நேரில் பார்த்து விசாரித்துவிட்டு வரும்படி இன்ஸ்பெக்டரை அனுப்பினார்.

5

அப்பாவின் திதியன்று, ஆடிக்கு இங்கே பெயரான கர்க்கடகத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாஸ்திரிகள் நனைந்து வந்தார். தர்ப்பை, எள், பிண்டம் எல்லாம் முறைப்படி ஆயிற்று. அப்பா படத்துக்கு முன்னால் நுனி இலை போட்டு, அவருக்குப் பிடித்த வாழைக்காய்த் துவட்டலும் உளுந்து வடையும் வைத்தோம். பிண்டத்தைப் புறக்கடையில் பலாமரத்தடியில் வைத்துவிட்டு, ‘கா, கா’ என்று தொண்டை வலிக்கக் கூப்பிட்டேன். ஒரு காக்கையும் வரவில்லை. மழையில் எந்தக் காக்கை வரும் என்று கோமதி சொன்னாள். எனக்கு வேறு பயம். பெட்டிஷனில் எழுதியது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதோ?

எங்கள் கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். கடை வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அண்ணாச்சி எழுந்து போனார்.

“சுடலைமுத்துப் பிள்ளை உண்டோ?”

“இருக்காக. உள்ள இருக்காக” என்றார் அண்ணாச்சி.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“ஒண்ணு காணணும்.”

“வாங்க” என்று சொல்லி அழைத்தும் வந்துவிட்டார். நடையைத் தாண்டும்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சொட்டுகிற குடையோடு உள்ளே நின்றார்.

மாதவன் பிள்ளை தடித்த மனிதர். நரைத்த மீசை. சட்டைப் பையிலிருந்து எங்கள் பெட்டிஷனை எடுத்தார். எங்களைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்தார்.

“இதுல சுடலைமுத்துப் பிள்ளை யாரு?”

லைசென்ஸ் விவகாரம் எதுவும் தெரியாத சாஸ்திரிகள்தான் பதில் சொன்னார்.

“வந்திருக்கார். இப்பத்தான் ஆவாகனம் பண்ணினேன். இலையில உக்காந்துண்டிருக்கார். சித்த பொறுத்தேள்னா சாப்பிட்டு முடிச்சுடுவார்.”

இன்ஸ்பெக்டர் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காகிதத்தை விரித்துக் கடைசி வரியைத் தேடி, மெதுவாகத் தமிழில் வாசித்தார். “தேக ஆரோக்கியத்தோட இருக்காரு.”

அந்தச் சமயத்தில் என் மனம் எங்கெல்லாம் போய் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கு ஜெயில். கடைக்கு அரக்கு முத்திரை. பகவதிக்கு மாப்பிள்ளை கிடைக்காது. எதிர்வரிசைக்காரர் எங்கள் பலகையை இறக்கிவிட்டுத் தன் பலகையை ஏற்றுகிறார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்.

“இது ஆரு எழுதியது?”

“ஞான்” என்றாள் பகவதி. பயம் வந்தால் அவளுக்கு மலையாளம்தான் வரும்.

“நல்ல இங்கிலீஷ். ஒரு இடத்துலகூட காலம் மாறல்ல. எங்க கச்சேரியில ஒருத்தருக்கும் இது வராது.” காகிதத்தை மடித்தார். “அதானே குழப்பமாச்சு.” பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அச்சன் எப்போ போனாரு?” என்றார்.

கச்சேரி ஆள் கேட்கிற மாதிரி கேட்டிருந்தால் ஏதாவது உளறிச் சமாளித்திருப்பேன். துஷ்டி வீட்டில் துக்கம் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார்.

“போயிட்டாக” என்றேன். எப்போது என்பது வாயில் வரவில்லை. “போயிட்டாகய்யா.”

அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைச் சாரல் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் நின்ற இடத்தில் சாரல் அடிக்காது.

“காக்கை வந்தோ?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“வரலை.”

“எங்ஙனே விளிச்சு?”

“கா, கான்னு.”

“அது பாண்டியில. இவிடத்த காக்கைக்கு அது மனசிலாகாது.”

குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புறக்கடைக்கு நடந்தார். கோமதியிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி இரண்டு கையையும் நனைத்துக்கொண்டார். பலாமரத்தைப் பார்த்து நின்று, ஈரக்கையைப் பலமாகத் தட்டினார். காக்கிச் சட்டை முதுகில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. தட்டிக்கொண்டே இருந்தார். பலாமரத்து உச்சியிலிருந்து ஒரு காக்கை இறங்கி வந்தது. தலையைச் சாய்த்து எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிண்டத்தில் வாய் வைத்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

இத்தனை வருஷம் இந்த மண்ணில் இருந்துவிட்டு, காக்கையைக் கூப்பிடும் முறைகூட எனக்குத் தெரியவில்லை. முந்தைய வருஷங்களில் எல்லாம் ஏதோ இரக்கப்பட்டு வந்திருக்கும் போல.

“காக்கை உண்டாச்சு” என்று சொல்லிக் கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். எழுதி முடித்துப் பகவதியிடம் நீட்டினார். “மோளே, காலம் சரியாணோன்னு பாரு.”

அவள் வாசித்துவிட்டு எனக்காகத் தமிழில் சொன்னாள். ‘நான் சென்றபோது லைசென்ஸ்காரர் வீட்டில் இருந்தார். உணவருந்திக்கொண்டிருந்தார். பேசும் நிலையில் இல்லை.’

“சரியாணு சார்” என்றாள்.

“பின்ன மதி, போதும்.” எழுந்தார். கோமதி கொடுத்த வடையை வாங்கிக்கொண்டார். “திங்களாழ்ச்சைக்குள்ள வேற ஒண்ணு எழுதித் தரணும். லைசென்ஸ் மகன் பேர்ல வேணும்னு. எதிர்வசத்துக் கடைக்காரரு அறியறதுக்கு முன்ன. அதுலயும் காலம் மாறப்படாது, கேட்டோ? ஆனா இந்தக் காலம் இல்ல.”

6

அன்று சாயங்காலமே பகவதி எழுத உட்கார்ந்தாள். நான், கோமதி, அண்ணாச்சி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வரியையும் எழுதி, எங்களுக்குச் சொன்னாள். சுடலைமுத்துப் பிள்ளை கடை நடத்தினார். காலையில் அவரே கடை திறந்தார். சர்க்காருக்குச் சேர வேண்டியதைச் செலுத்தினார். சட்டத்தை மதித்தார். முந்தைய பெட்டிஷனின் அதே வரிகள்தான். ஒன்றையும் அவள் புதிதாகச் சேர்க்கவில்லை. வினை மட்டும் மாறியது. எனக்கு என்னவோ வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து வைக்கிற மாதிரி இருந்தது.

“பாப்பா, ஒரே ஒரு வரியாவது இருக்காகன்னு வச்சிரேன்” என்றார் அண்ணாச்சி.

“வைக்கப்படாது மாமா. ஒண்ணு வச்சா எல்லாம் கெட்டுப் போகும்.”

“எவ்வளவு கல்நெஞ்சுட்டி உனக்கு” என்றாள் கோமதி.

பகவதி பேனாவைக் கீழே வைத்தாள். “எனக்குத் தாத்தா கை மணம் மட்டும்தான் ஞாபகம் உண்டு. புகையில மணம். முகம் அந்தப் படத்துல பாத்த முகம்தான். நீங்க எல்லாரும் இருக்காரு, இருக்காருன்னு சொல்லிச் சொல்லி, நான் சின்னதுல கடைக்குள்ள போய்ச் சிப்பத்துக்குப் பின்னால எல்லாம் தேடியிருக்கேன்.”

அவளே மறுபடியும் பேனாவை எடுத்தாள்.

முடித்ததும், “இருந்தார்ங்கறதுக்கு இதுல எது?” என்று கேட்டேன். விரலால் தொட்டுக் காட்டினாள். மூன்றே எழுத்து. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த உருவத்தைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு காகிதம் முழுக்க அதுதான் கண்ணில் பட்டது. பூச்சி விழுந்த புகையிலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, அந்த மாதிரி.

கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். ‘மு.சு.’ என்று போட்டுவிட்டேன். கை அப்படிப் பழகியது. இறந்துபோனேன் என்று இறந்தவரே கையெழுத்திட்ட பெட்டிஷனைக் கொடுத்தால் புதுச் சூப்பிரண்டு மறுபடியும் நேரில் பார்க்க ஆசைப்படுவார். பகவதி தலையில் அடித்துக்கொண்டு முழுவதையும் இன்னொரு தடவை எழுதினாள். இன்னொரு தடவை கேட்டோம்.

7

லைசென்ஸ் என் பேருக்கு வந்தது. எதிர்வரிசைக்காரர் வந்து, “அப்பா போனதையே சொல்லலியே வே” என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் நிஜமாகவே துக்கம் இருந்தது.

பகவதி இப்போது கொல்லத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ஊரார் பிள்ளைகளின் காலங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். எனக்கு எழுதும் கடுதாசியில் தமிழ் எழுத்தில் மலையாளம் இருக்கும். வாசித்து முடிக்கிற வரை அவள் சௌக்கியமா இல்லையா என்று எனக்கு உதறல். ‘அடுத்த மாதம் வருவேன்’ என்று எழுதுகிறாள். முன்னெல்லாம் ‘திரும்பி வந்துருவேன்’ என்று எழுதுவாள்.

இன்ஸ்பெக்டர் பென்ஷன் வாங்கிவிட்டார். இன்று காலை நானே கையை நனைத்துத் தட்டினேன். காக்கை உடனே வந்தது.

ஒரு விஷயம் மட்டும் மீதி இருக்கிறது. லைசென்ஸ் மாறிய சில மாதங்களில் கச்சேரியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. எனக்கு இல்லை. அப்பாவுக்கு. லைசென்ஸ்காரர் இறந்துபோன தகவலை லைசென்ஸ்காரர் உரிய காலத்தில் கச்சேரிக்குத் தெரிவிக்காததால் லைசென்ஸ்காரருக்கு அபராதம். பகவதி அதை வாசித்துவிட்டு வெகு நேரம் சிரித்தாள். பிறகு, “அப்பா, இதுல தாத்தா இருக்காரு” என்றாள். “முதல் வரியில மரிச்சுப் போயிட்டாரு. ரெண்டாம் வரியில பணம் தர வேண்டியவரா இருக்காருன்னு எழுதியிருக்கு.” பென்சிலை எடுத்தாள். எடுத்தவள் கோடு போடாமல் திரும்ப வைத்துவிட்டாள்.

நான் உடனே கட்டிவிடத்தான் போனேன். பாக்கி என்றாலே ராத்திரி தூக்கம் வராதவன் நான். மடியில் பணத்தை முடிந்துகொண்டு, வரிசையில் நின்று, குமாஸ்தா முன்னால் நோட்டீஸை வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, “நல்லதா போச்சு. இது கட்டிட்டா பைலை மூடிடலாம். பின்ன இந்தப் பேர்ல நோட்டீசு, கடலாசு ஒண்ணும் வராது” என்றார்.

நோட்டீஸைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பணத்தையும் முடிந்துகொண்டேன். மழை வரும் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து ஆவணி பிறந்ததும் ஒரு நோட்டீஸ் வருகிறது. சீமையில் நடக்கிற சண்டையால் காகிதத்துக்குப் பஞ்சம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலேட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் காகிதம் கிடைத்துவிடுகிறது. தபால்காரர் கடை வாசலில் நின்று, “சுடலைமுத்துப் பிள்ளை உண்டோ?” என்பார். அண்ணாச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. “இருக்காக, கொடுங்க” என்று கை நீட்டி வாங்குவார். நான் பிரித்து, பகவதி கோடு போடாமல் விட்ட அந்த இரண்டாம் வரியைப் பார்ப்பேன். அதில், ‘இருந்தார்’ என்கிற அந்த மூன்றெழுத்து இல்லை.

“இடி இடிச்சா நடுங்குற மனுசன், சர்க்காருக்குப் பாக்கி வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குதீகளோ” என்று கோமதி கேட்கிறாள். தூங்குகிறேன்.

போன ஆவணியில் வந்த நோட்டீஸின்படி, மு. சுடலைமுத்துப் பிள்ளை அவர்கள் திருவிதாங்கூர் சர்க்காருக்குத் தர வேண்டியிருக்கிற தொகை: ரூபாய் நாற்பத்திரண்டு, பணம் மூன்று, சக்கரம் இரண்டு.